கூழுக்கு எவ்வளவு பிளீச் வேண்டும்? கூழையே கேளுங்கள்

பிளஸ் டூவில் வேதியியல் படித்த யாருக்கும் அந்தக் கத்தரிப்பூ நிறக் கரைசல் மறந்திருக்காது. பியூரெட் நிறைய பொட்டாசியம் பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவையில் பெரஸ் சல்பேட், கூடவே நீர்த்த கந்தக அமிலம். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, வெளிர் ரோஜா நிறம் நிலைத்து நின்றதும் குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்து மேஜைக்காரனின் ரீடிங்கை எட்டிப் பார்த்து 'கன்கார்டன்ட் வேல்யூ' கொண்டுவந்தவர்களும் உண்டு, அது வேறு கதை. செய்முறைத் தேர்வு முடிந்த அன்றோடு அந்தக் கரைசலுக்கும் தனக்கும் உள்ள உறவு முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. அந்தத் தேர்வு எழுதிய வெள்ளைத்தாள் இருக்கிறதே, அதற்குப் பின்னாலும் இதே கரைசல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பழுப்பு நிறக் கூழை வெள்ளையாக்க எவ்வளவு பிளீச் ஊற்றுவது என்று காகித ஆலையின் பரிசோதனைக் கூடம் முடிவு செய்வது பெர்மாங்கனேட்டை வைத்துத்தான். அதில் கிடைக்கும் எண்ணுக்குப் பெயர் கப்பா எண். (கேரளத்துக் கப்பைக் கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்க எழுத்து.)

காகித ஆலை என்றதும் பேச்சு உடனே கழிவுநீருக்குப் போய்விடும். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா, அது ஓடுகிறதா, வாரியம் வந்து பார்த்ததா... எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஆற்றுக்குப் போகும் குளோரின் சேர்மங்களில் ஒரு நல்ல பங்கை, அவை உண்டாவதற்கு முன்பே ஒரு கண்ணாடிக் குடுவையில் தடுத்துவிடலாம். அதற்குக் கோடிகள் வேண்டாம். கூழ் எவ்வளவு குடிக்கும் என்று ஒழுங்காக அளந்தால் போதும். இந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், எதை வெளுக்கிறார்கள்? மரமோ மூங்கிலோ கரும்புச் சக்கையோ, எல்லாவற்றிலும் நார் உண்டு. நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசை லிக்னின். சோடியம் ஹைட்ராக்ஸைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில், அழுத்தத்தில், 160-170 டிகிரி செல்சியஸில் வேகவைத்தால் லிக்னினில் பெரும்பகுதி கரைந்து கருஞ்சாறாகப் பிரிந்துவிடும். முழுவதும் போகட்டும் என்று வேகவைத்துக்கொண்டே இருந்தால் நாரும் சேர்ந்து கெட்டுப்போகும், சோறு குழைந்துவிடுவது மாதிரி. அதனால் ஒரு பதத்தில் இறக்கிவிடுகிறார்கள். அப்போது நாரில் மிச்சம் இருக்கும் லிக்னின்தான் கூழுக்குச் சிமெண்ட் மூட்டைத் தாளின் பழுப்பைத் தருகிறது. அந்த மிச்சத்தை ஆக்ஸிஜனேற்றிக் கரைத்து எடுப்பதுதான் வெளுப்பது. மிச்சம் எவ்வளவோ அவ்வளவு பிளீச். குறைந்தால் தாள் மஞ்சளாக நிற்கும். கூடினால் பணம் வீண், நார் வீண், தண்ணீரும் வீண்.

மிச்சத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாதா என்றால், முடியாது. ஒரே அளவு லிக்னின் உள்ள இரண்டு கூழ்கள், மரம் வேறானால் நிறத்திலும் வேறாக இருக்கும். வெந்த விதம் மாறினாலும் நிறம் மாறும். பழுப்பைப் பார்த்துப் பிளீச் ஊற்றுவது, நிறத்தைப் பார்த்துக் குழம்புக்கு உப்புப் போடுவது போல.

இதற்கு நேரான வழி ஒன்று 1920களிலேயே வந்துவிட்டது. கூழுக்குக் குளோரின் வாயுவையே கொடுத்து, 100 கிராம் உலர்ந்த கூழ் எத்தனை கிராம் குளோரினை உறிஞ்சுகிறது என்று அளப்பது. இதற்கு ரோ எண் என்று பெயர். எந்தப் பொருளால் வெளுக்கப் போகிறோமோ அதையே கொடுத்துப் பார்ப்பதால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஆனால் அன்றாடம் ஷிப்டுக்கு நாலு முறை பரிசோதனைக் கூடத்தில் குளோரின் வாயுவோடு விளையாட யார் தயார்? அதனால் ஆலைகள் குடுவைக்குள் அடங்கிக் கிடக்கும் பெர்மாங்கனேட்டுக்கு வந்தன. ஆரம்பத்தில் பெர்மாங்கனேட்டின் அளவை நிரந்தரமாக வைத்து, கூழ் அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று பார்த்தார்கள். அதில் ஒரு கோளாறு. லிக்னின் அதிகமுள்ள கூழ் கரைசலை ஏறக்குறைய காலி செய்துவிடும். குறைவாக உள்ள கூழின் பக்கத்திலோ ஏராளமாக மிஞ்சி நிற்கும். பந்தியில் இலை நிறையப் பரிமாறியவனையும் அரை இலை பரிமாறியவனையும் வைத்துப் பசியை ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தன அந்த எண்கள். 1957இல் டாஸ்மன், பெர்சின்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தீர்வு சொன்னது: எந்தக் கூழாக இருந்தாலும், கொடுத்த பெர்மாங்கனேட்டில் சரிபாதியை அது எடுத்துக்கொள்ளும் நிலைக்குக் கணக்கைத் திருத்திவிடு. அதுதான் கப்பா எண்.

செய்முறை இதுதான். கூழை நன்றாகக் கழுவி, எடை பார்த்து, தண்ணீரில் நார்நாராகக் கலைத்துக்கொள்ள வேண்டும். 0.1 நார்மல் பெர்மாங்கனேட் 100 மில்லி, 4 நார்மல் கந்தக அமிலம் 100 மில்லி, மொத்தக் கன அளவு 1 லிட்டர். 25 டிகிரி. கலக்கியபடியே சரியாக 10 நிமிடம். பத்தாவது நிமிடம் பொட்டாசியம் அயோடைடை ஊற்றினால் வினை அங்கேயே நின்றுவிடும். மிஞ்சிய பெர்மாங்கனேட் அயோடினை வெளியேற்றும். அந்த அயோடினைத் தயோசல்பேட்டால் அளக்க வேண்டும், ஸ்டார்ச் நீலம் மறையும் வரை. கூழ் போடாமல் இதே வேலையை இன்னொரு முறை செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் கூழ் குடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். உலர்ந்த கூழ் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லி என்று வகுத்தால் எண் கையில்.

பாதி என்று விதி சொன்னாலும் சரியாகப் பாதி வருவதில்லை. 30 மில்லி குடித்திருந்தால் விடையை 0.958ஆல் பெருக்க வேண்டும், 70 மில்லி என்றால் 1.044ஆல். 30க்கும் 70க்கும் வெளியே போய்விட்டால் திருத்தம் கிருத்தம் எல்லாம் கிடையாது. கூழின் எடையை மாற்றி மறுபடி செய்ய வேண்டியதுதான்.

கிடைத்த எண்ணைச் சுமார் 0.15ஆல் பெருக்கினால் லிக்னின் சதவீதம் வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தைலமரக் கூழ் வெந்து இறங்கும்போது கப்பா 15 முதல் 20 வரை. பைன் மரம் 25-30. அட்டைப் பெட்டிக்கான கூழை வெளுக்கப் போவதில்லை என்பதால் 60க்கு மேலேயே இறக்கிவிடுவார்கள். கரும்புச் சக்கை சீக்கிரம் வேகும், 10ஐ ஒட்டியே இறக்கலாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள அரசு நிறுவனம் கரும்புச் சக்கையைப் பெரிய மூலப்பொருளாகக் கொண்டு ஓடுவதில், மரம் மிச்சம் என்பதைத் தாண்டி இந்த லாபமும் இருக்கிறது. குறைந்த கப்பா, குறைந்த பிளீச்.

இப்போது எண்ணிலிருந்து பிளீச்சுக்கு எப்படிப் போகிறார்கள் என்று பார்க்கலாம். கப்பா எண்ணை ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். சாதாரணமாக 0.2ஐ ஒட்டி. கப்பா 20 என்றால் 20 × 0.2 = 4. அதாவது கூழின் எடையில் 4 சதவீதம் குளோரின், டன்னுக்கு 40 கிலோ. ஒரே ஒரு பெருக்கல், அவ்வளவுதான். எண்ணில் உள்ள தப்பு எந்தச் சல்லடையிலும் மாட்டாமல் அப்படியே குளோரினாக மாறி உள்ளே போகிறது.

அந்தத் தப்பு எங்கிருந்து வரும்? முதல் சந்தேகநபர் வெயில்.

கப்பா பரிசோதனைக்கு 25 டிகிரி என்று எழுதியிருப்பது ஏதோ ஐரோப்பிய அறையின் வெப்பநிலை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கலாம். பெர்மாங்கனேட் அப்படி நினைப்பதில்லை. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் கூழ் எடுத்துக்கொள்வது சுமார் 1.3 சதவீதம் கூடுகிறது. அதற்குத் திருத்தச் சூத்திரம் உண்டு. ஆனால் அதுவும் 20 முதல் 30 டிகிரி வரைதான். மே மாதம் மதியம் கரூர்ப் பக்கம் குழாய்த் தண்ணீரே 35 டிகிரிக்கு வரும். குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், தண்ணீர்த் தொட்டியில் வைத்து வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாமல் அதே பரிசோதனையைச் செய்தால் என்ன ஆகும்? உண்மையில் 20 உள்ள கூழ் 23 என்று காட்டும். 0.2ஆல் பெருக்கினால் 40க்குப் பதில் 46 கிலோ. ஒரு டன்னுக்கு 6 கிலோ அதிகம். நாளைக்கு 100 டன் கூழ் வெளுக்கும் ஆலையில் 600 கிலோ. குளோரின் வரும் பெரிய உருளைக்கு டன்னர் என்று பெயர், 900 கிலோ பிடிக்கும். ஆக, இரண்டு நாளைக்கு ஒரு டன்னருக்கு மேல், கூழ் கேட்காத குளோரின், வெப்பமானி இல்லாத ஒரு குடுவையின் பெயரால் உள்ளே போகும். காசு என்று பார்த்தாலும் இது சின்ன விஷயமில்லை. ஆனால் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

1980களின் நடுவில் அமெரிக்காவில், காகித ஆலைகளுக்குக் கீழே ஆற்றில் பிடித்த மீன்களில் டயாக்ஸின் இருப்பது தெரியவந்தது. வியட்நாம் போரில் தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சில் கலந்திருந்ததே, அதே குடும்பம். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் காகிதத் தொழில்துறையும் சேர்ந்து முதலில் 5 ஆலைகளையும் பிறகு 104 ஆலைகளையும் ஆராய்ந்தன. கழிவுநீரில் இருந்தது, சேற்றில் இருந்தது, கூழிலும் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தோண்டியபோது இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, நுரையை அடக்க ஊற்றிய எண்ணெயில் டயாக்ஸினுக்கான மூலக்கூறு குளோரின் ஏறாத நிலையில் ஏற்கெனவே இருந்தது. குளோரின் வந்து ஏறிக்கொண்டால் போதும், விஷம் தயார். இரண்டாவது, அதே பழைய பெருக்கல் காரணி. கப்பா எண்ணுக்கு ஏற்ற அளவைவிடக் குறைவாக, 0.15ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ குளோரின் கொடுத்தால் டயாக்ஸின் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்ற அளவுக்கு இருந்தது. 0.2ஐத் தாண்டிப் போகப் போக அது விறுவிறுவென்று ஏறியது. ஒரு குறிப்பிட்ட அளவு வரை குளோரின் லிக்னினோடு மல்லுக்கட்டுகிறது. அதற்கு மேல் ஊற்றினால் லிக்னின் போதாமல் வேறு வேலை தேடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த மே மாத மதியத்துக்குத் திரும்பவும். கூடத்தில் உள்ளவர் கணக்குப்படி காரணி 0.2. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, பதிவேட்டிலும் 0.2 என்றுதான் இருக்கும். ஆனால் கூழில் உள்ளது 20, போனது 46 கிலோ. உண்மைக் காரணி 0.23. பதிவேட்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாத மீறல் இது. ஏமாற்று இல்லை, அலட்சியம் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. அளவுகோலே வெயிலில் நீண்டுவிட்டது.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் குளோரின் வாயு ஊற்றுகிறார்கள்' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. உலகின் பெரிய ஆலைகளில் பெரும்பாலானவை குளோரின் டை ஆக்ஸைடுக்கு மாறிவிட்டன. அமெரிக்காவில் 1998இல் வந்த விதிகள் அந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கின. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2003இல் கொண்டுவந்த சாசனம், பெரிய ஆலைகள் ஏ.ஓ.எக்ஸ். எனப்படும் கரிம குளோரின் கழிவை ஒரு டன் காகிதத்துக்கு 2 ஆண்டில் 1.5 கிலோவுக்கும் 5 ஆண்டில் 1 கிலோவுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்றது. ஒரு மனக்கணக்குப் போட்டால் அந்த எல்லை எவ்வளவு இறுக்கமானது என்று தெரியும். ஊற்றும் குளோரின் வாயுவில் சுமார் 10-12 சதவீதம் ஏ.ஓ.எக்ஸ். ஆகிறது. டன்னுக்கு 40 கிலோ ஊற்றினால் 4 முதல் 5 கிலோ. குளோரின் டை ஆக்ஸைடு என்றால் அதே ஆக்ஸிஜனேற்ற வலுவுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் மாற்றம் நல்ல மாற்றம், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்பது பூஜ்யம் இல்லையே. குளோரின் டை ஆக்ஸைடை உருளையில் வாங்கி வைக்க முடியாது, செறிவானால் வெடிக்கும். சோடியம் குளோரேட்டிலிருந்து ஆலையிலேயே தயாரிக்க வேண்டும். அந்தக் குளோரேட்டைச் செய்ய மின்சாரம் கொள்ளையாகப் போகும். வெளுக்கும்போது பக்கவிளைவாக உண்டாகும் குளோரேட் கழிவோடு கடலுக்குப் போய், பால்டிக் கடலோரம் பழுப்புப் பாசிகளை அழித்ததும் 1980களில் சுவீடனில் பதிவான செய்தி. எந்தப் பிளீச் ஆனாலும் கூழ் கேட்டதற்கு மேல் ஊற்றினால் அது எங்கேயாவது போய்த்தான் தீரும். எவ்வளவு ஊற்றுவது என்று சொல்ல இன்றைக்கும் கப்பா எண்தான் இருக்கிறது.

சின்ன ஆலைகளின் கதை தனி. சுண்ணாம்பையும் குளோரினையும் சேர்த்துச் செய்த ஹைப்போகுளோரைட்தான் அவற்றுக்குக் கட்டுப்படியாகும். அதை அதிகம் ஊற்றினால் குளோரோபார்ம் வரும். காரத்தன்மை குறைந்து பிஹெச் 7 பக்கம் இறங்கிவிட்டால், லிக்னினை விட்டுவிட்டு செல்லுலோஸையே கடிக்க ஆரம்பிக்கும். தாள் பளபளவென்று வெள்ளையாக இருக்கும், மடித்தால் மடிப்பில் கிழியும். இப்படிக் கிழியும் நோட்டைப் பார்த்து 'மட்டமான பேப்பர்' என்று திட்டுகிறவர்கள், அதே நோட்டைக் கடையில் 'நல்லா வெள்ளையா இருக்கு' என்று தேர்ந்தெடுத்தவர்களாகவும் இருக்கக் கூடும்.

வெயிலுக்கு அடுத்த சந்தேகநபர், கழுவுதல். பரிசோதனைக்கு எடுத்த கூழைக் கூடத்தில் நன்றாக, ஒரு சொட்டுக் கருஞ்சாறு இல்லாமல் கழுவுகிறார்கள். விதி அப்படித்தான் சொல்கிறது. நாரில் ஒட்டிய லிக்னினை மட்டும் அளக்க வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் ஆலைக்குள் வெளுக்கும் கோபுரத்துக்குப் போகும் கூழ் அவ்வளவு சுத்தமாகக் கழுவப்பட்டதா? இல்லை. கருஞ்சாறு கொஞ்சம் கூடவே போகும். அந்தச் சாற்றில் கரைந்திருக்கும் லிக்னினும் பிளீச்சைக் குடிக்கும், நாரில் உள்ளதைவிட வேகமாகவே குடிக்கும். கூடத்தில் 18 என்று வந்த கூழ் கோபுரத்தில் 21 போல நடந்துகொண்டால், ஆபரேட்டர் என்ன செய்வார்? வெண்மை வரவில்லையே என்று காரணியைக் கொஞ்சம் கூட்டுவார். அடுத்த ஷிப்டுக்காரர் இன்னும் கொஞ்சம். கழுவும் டிரம்மில் உள்ள கோளாறு இப்படிப் பிளீச் கணக்கில் மறைந்துவிடும். கப்பா எண் இங்கே பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னது. கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை, அதாவது கூழோடு எவ்வளவு சாறு வருகிறது என்பதை, யாரும் கேட்கவில்லை.

ஈரப்பதத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். 70 சதவீதம் ஈரம் என்று நினைத்து எடை போட்ட கூழில் உண்மையில் 72 இருந்தால், உலர்ந்த கூழ் 30க்குப் பதில் 28. கப்பா 20 என்பது 18.7 என்று வரும். இரண்டே சதவீதம்தானே என்று விட்ட தப்பு, விடையில் கிட்டத்தட்ட 7 சதவீதமாக நிற்கும்.

மூன்றாவது சந்தேகநபர்தான் சுவாரஸ்யமானவர். ரொம்ப காலம் இவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. தைலமரம், சவுக்கு மாதிரியான வன்மரங்களைக் காரத்தில் வேகவைக்கும்போது, நாரில் உள்ள சைலன் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஹெக்ஸென்யூரானிக் அமிலம் என்று ஒன்று உருவாகிறது. லிக்னினுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ஆனால் இதில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. பெர்மாங்கனேட்டுக்கு இரட்டைப் பிணைப்பைக் கண்டால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காது. 1990களின் நடுவில் பின்லாந்து ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகுதான், வன்மரக் கூழின் கப்பா எண்ணில் சில அலகுகள் லிக்னினே இல்லை என்பது தெரிந்தது. ஒரு கிராம் கூழில் 10 மைக்ரோமோல் இந்த அமிலம் இருந்தால் கப்பா எண் 0.85 அளவுக்குக் கூடும். வன்மரக் கூழில் இதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

0.15ஆல் பெருக்கு, லிக்னின் வரும் என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கே உடைகிறது. கப்பா எண் லிக்னினை அளக்கவில்லை. அது அளப்பது கூழின் பசியை. குறிப்பிட்ட அமிலத்தில், குறிப்பிட்ட வெப்பத்தில், பத்து நிமிடத்தில் பெர்மாங்கனேட்டுக்குக் காட்டும் பசி. லிக்னினும் பசிக்கும், இந்த அமிலமும் பசிக்கும், சரியாகக் கழுவாத கருஞ்சாறும் பசிக்கும். வகுப்பில் 'கப்பா எண் என்பது லிக்னின் அளவு' என்று ஒரே வரியில் எழுதிப் போடுவதால் என்ன நஷ்டம் என்றால், எண் கூடும்போதெல்லாம் 'இன்னும் கொஞ்சம் வேகவை' என்று தோன்றும். வேகவைத்தால் லிக்னின் போகும், இந்த அமிலம் அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆக்ஸிஜன் கொடுத்தாலும் அசையாது. அதற்கு வேறு மருந்து: சூடான அமிலத்தில், பிஹெச் 3 பக்கம், 90 டிகிரிக்கு மேல் சில மணி நேரம். அப்படிச் செய்தால் கப்பா இறங்கும், குளோரின் டை ஆக்ஸைடும் அந்த அளவுக்கு மிச்சமாகும். எண்ணுக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எண்ணைக் குறைக்கப் போனால் நாரைத்தான் கெடுக்க நேரும்.

இதற்கெல்லாம் இப்போது கருவி வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். குழாயிலிருந்து தானாகவே கூழை எடுத்து, கழுவி, புற ஊதா ஒளி பாய்ச்சி, சில நிமிடத்துக்கு ஒருமுறை கப்பாவைத் திரையில் காட்டும் கருவிகள் பெரிய ஆலைகளில் இருக்கின்றன. நல்ல கருவிகள். மனிதன் ஷிப்டுக்கு நாலு முறை அளப்பதை அது நூறு முறை அளக்கும். ஆனால் அந்தக் கருவிக்கு 20 என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது யார்? கூடத்தில் டைட்ரேஷன் செய்தவர்தான். அவருடைய 20 உண்மையில் 17ஆக இருந்தால், கருவி அதே தப்பை நாள் முழுக்க, களைப்பில்லாமல், இரண்டு தசமப் புள்ளித் துல்லியத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் தெரிவதால் அதை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். அளவுத்திருத்தம் செய்த அன்று கூடத்தில் எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

செய்ய வேண்டியது என்னவோ கொஞ்சம்தான். 25 டிகிரியில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் வெப்பநிலை, ஈரப்பதம், கூழ் குடித்த மில்லி எவ்வளவு என்று மூன்று கட்டங்கள். கழுவிய கூழோடு, கோபுரத்துக்குள் போகும் கூழை அப்படியே எடுத்துப் பிழிந்து, அந்தச் சாற்றுக்கும் ஒரு சோதனை. கோபுரத்திலிருந்து வெளியே வரும்போது எவ்வளவு பிளீச் மிஞ்சியிருக்கிறது என்பதையும் எழுதி வைத்தால், ஊற்றியதில் கூழ் உண்மையாகக் குடித்தது எவ்வளவு என்று கப்பா எண்ணுக்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் எங்கோ ஓட்டை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வாளர் கழிவுக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பரிசோதனைக் கூடத்துக்குள்ளும் ஒரு நடை போய்விட்டு வரலாம். பாட்டில் தண்ணீர் அந்த ஒரு மணி நேரத்தின் கதையைத்தான் சொல்லும். கப்பா பதிவேட்டில் வருஷத்தின் கதையே இருக்கும்.

படிப்பதும் கஷ்டமில்லை. மே மாதப் பக்கங்களைப் புரட்டினால் போதும். தினமும் மதிய ஷிப்டில் எண் ஏறி, விடியற்கால ஷிப்டில் இறங்கி, மறுநாள் மதியம் மறுபடி ஏறியிருந்தால், மாறியது கூழாக இருக்க வாய்ப்பில்லை. தைலமரத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.